மனை வாங்கும் முன் பத்திரம் பார்ப்பது எப்படி? வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

தமிழ்நாட்டில் தனிநபரிடமிருந்து காலி மனையோ பழைய வீடோ வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு வக்கீல் அலுவலகத்தில் பத்திரங்களைப் படித்துக் குறிப்பெடுப்பது என் வேலை. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் வருகிறார்கள். அப்போது குறை தெரிந்தாலும், கொடுத்த பணத்தை நினைத்து அதைச் சின்ன விஷயமாக்கிப் பேசுகிறார்கள். அதனால் கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள். 9-வது படி வரைக்கும் 'டோக்கன்' என்று ஐயாயிரம் ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

1. முதலில் கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

விற்பவரின் கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், பட்டா, கடைசியாகக் கட்டிய வரி ரசீது, குடும்பத்தில் யாராவது இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும், மனைப்பிரிவாக இருந்தால் அங்கீகார உத்தரவும் வரைபடமும். இவற்றின் ஜெராக்ஸ் போதும்.

ஆனால் எல்லாப் பக்கமும் வேண்டும், பின்பக்கமும் சேர்த்து. சார்பதிவாளரின் முத்திரை, ஆவண எண், யார் நேரில் வந்து கைரேகை வைத்தார்கள் என்ற விவரம் எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். சொத்து விவரம் கடைசிப் பக்கங்களில் வரும். புரோக்கர் வாட்ஸப்பில் அனுப்புகிற முதல் மூன்று பக்கத்தை வைத்து யாரும் எதையும் சொல்ல முடியாது.

ஜெராக்ஸ் வந்ததும், ஒரிஜினலை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். "ஊரில் இருக்கிறது", "தங்கை வீட்டில் இருக்கிறது" என்று இழுத்தால் அது வங்கியிலோ வட்டிக்குக் கொடுத்தவரிடமோ அடமானத்தில் இருக்கலாம். தொலைந்துவிட்டது என்றால் போலீஸ் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, பத்திரிகை விளம்பரம் மூன்றும் ஏற்கெனவே இருக்க வேண்டும். இனிமேல் எடுத்துத் தருகிறேன் என்றால், எடுத்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.

2. சர்வே எண்ணின் கதையை ஒரு தாளில் எழுதுங்கள்

புதிதாகப் பார்ப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக வில்லங்கத்துக்கு, அதாவது அந்த நிலத்தின் மீது பதிவான ஆவணங்களைக் காட்டும் சான்றுக்குப் போகிறார்கள். அங்கேதான் முதல் தடுமாற்றம்.

ஒரு நிலத்துக்குக் காலம் முழுக்க ஒரே எண் இருப்பதில்லை. 1965-ல் எழுதிய பத்திரத்தில் 112/3 என்று இருக்கும். பிறகு உட்பிரிவாகி 112/3ஏ, 112/3பி ஆகியிருக்கும். 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். நில ஆவணத் திருத்தத்தில் எண் வேறாகியிருக்கலாம். நகராட்சிக்குள் வந்துவிட்டால் வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர சர்வே எண்) என்று புது அடையாளம் வந்துவிடும்.

ஒவ்வொரு பத்திரத்திலும் உள்ள எண்ணை வருடத்தோடு எழுதுங்கள். கிராமத்தின் பெயரையும், அந்த வருடம் அது எந்தச் சார்பதிவகத்தில் இருந்தது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். கிராமங்களை ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருக்கிறார்கள். பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் உள்ள தொடர்பை வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் பார்க்கலாம். இந்த ஒரு தாள் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

3. வில்லங்கச் சான்றை நீங்களே போட்டுப் பாருங்கள்

விற்பவர் கொடுக்கிற வில்லங்கத்தை நம்பி நின்றுவிட வேண்டாம். பதிவுத் துறையின் டி.என்.ரெஜிநெட் இணையதளத்தில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். பல சார்பதிவகங்களுக்கு 1975-லிருந்து கணினியில் கிடைக்கிறது. அதற்கு முந்தைய காலத்துக்கு அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும்.

தேடும்போது இன்றைய உட்பிரிவு எண்ணை மட்டும் போடாதீர்கள். தாளில் எழுதி வைத்த எல்லா எண்களையும் தனித்தனியாகப் போடுங்கள். 112/3பி என்று மட்டும் தேடினால், 112/3 என்ற பெயரில் பதிவான பழைய அடமானம் கண்ணில் படாமலே போய்விடும்.

வில்லங்கம் எதுவும் இல்லை என்றால் படிவம் 16 வரும். பதிவுகள் இருந்தால் படிவம் 15. படிவம் 16-ஐப் பார்த்ததும் சந்தோஷப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவர் 1990 முதல் தேடிய சான்றோடு வந்தார், ஒன்றுமே இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார். விற்பவர் அந்த மனையை வாங்கியதே 2004-ல். அந்தக் கிரயமே சான்றில் வரவில்லை என்றால் தேடிய எண் தப்பு என்று அர்த்தம். சரியான எண்ணைப் போட்டபோது மூன்று பதிவுகள் வந்தன, அதில் ஒன்று தீர்க்கப்படாத கடன்.

அதனால் வில்லங்கம் சரியாகப் போடப்பட்டதா என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு சோதனை போதும்: உங்கள் கையில் உள்ள ஒவ்வொரு பதிவுப் பத்திரமும் அதில் வருகிறதா? வந்தால்தான் தேடல் சரி.

பிறகு ஒவ்வொரு வரியையும் படியுங்கள். 'உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு ஆவணம்' என்று இருந்தால் யாரோ பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார். அதற்கு ஜோடியாகப் பின்னால் 'இரசீது ஆவணம்' வந்திருக்க வேண்டும். ஒப்படைப்பு இருக்கிறது, இரசீது இல்லை என்றால் கடன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "அதெல்லாம் எப்பவோ கட்டியாச்சு" என்பது பதில் இல்லை. வங்கியிலிருந்து இரசீதைப் பதிவு செய்துகொடுக்கச் சொல்லுங்கள். கிரய ஒப்பந்தம் ஒன்று பதிவாகி ரத்தாகாமல் நின்றாலும் இதே கதைதான்.

இன்னொன்று, வில்லங்கத்தில் வராதவையும் உண்டு. பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, வாடகைக்கு இருப்பவரின் உரிமை, பல நீதிமன்ற வழக்குகள், வரி பாக்கி எதுவும் வராது. பதிவு செய்த உயில்கூடச் சொத்து வில்லங்கத்தில் தெரியாது. அவற்றுக்காகத்தான் அடுத்த படிகள்.

4. பத்திரங்களை இன்றிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள்

விற்பவருக்கு எப்படி வந்தது, அவருக்குக் கொடுத்தவருக்கு எப்படி வந்தது என்று ஒவ்வொரு கண்ணியாகப் பின்னால் போங்கள். வழக்கமாக 30 வருடம் பார்க்கச் சொல்வார்கள். 30 வருடத்துக்கு மேற்பட்ட பத்திரம் அதை முறையாக வைத்திருக்க வேண்டியவரிடமிருந்து வந்தால், அதில் உள்ள கையெழுத்து உண்மைதான் என்று நீதிமன்றம் அனுமானிக்கச் சாட்சியச் சட்டம் இடம் கொடுக்கிறது. அரசு தன் நிலத்தைக் கேட்டு வழக்குப் போடவும் 30 வருடம்தான் கெடு. என் பழக்கம் இன்னும் கொஞ்சம் பின்னால் போவது: முறையான ஒரு பாகப்பிரிவினையோ சுத்தமான ஒரு கிரயமோ கிடைக்கும் இடத்தில் நிற்பேன்.

கிரயத்துக்குப் பின் கிரயம் என்று போகிற கண்ணிகளில் சிக்கல் குறைவு. ஒரு மரணம் வந்து சொத்து வாரிசுகளுக்கு இறங்கிய கண்ணியில்தான் நிதானமாக உட்கார வேண்டும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இவரைத் தவிர வேறு யாருக்குப் பங்கு இருந்தது?

ஓர் இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சுயசம்பாத்தியச் சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், அம்மா எல்லோருக்கும் சமமாக இறங்கும். 1956 முதல் இதுதான் சட்டம். இதில் எல்லோரும் மறப்பது இறந்தவரின் அம்மாவை. மகன் இறந்தபோது அவர் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அவர் பிறகு இறந்தால் அந்தப் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும்.

ஒரு பத்திரத்தில் மனைவியும் இரண்டு மகன்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், வாரிசுச் சான்றும் அவர்கள் பெயரில்தான் இருந்தது. பேச்சுவாக்கில், "பாட்டி எப்போது தவறினார்கள்?" என்று கேட்டேன். அப்பா போய் நாலு வருடம் கழித்து என்றார் மகன். அந்த ஒரு பதிலில் இரண்டு அத்தைகளும் ஒரு சித்தப்பாவும் சொத்துக்குள் வந்துவிட்டார்கள். மூவரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்த பிறகே கிரயம் நடந்தது. வாரிசுச் சான்றைப் பார்ப்பதோடு, குடும்பத்தாரிடம் உட்கார்ந்து பேசி, இறந்த தேதிகளோடு வம்சாவளி வரைந்துகொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பூர்வீகச் சொத்தாக இருந்தால் மகள்களைத் தனியாகப் பாருங்கள். தமிழ்நாட்டில் 25.3.1989 முதல், அதுவரை மணமாகாத மகள்களுக்குச் சமபங்கு வந்தது. 2005-ல் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அதைக் கொடுத்தது. 9.9.2005 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. 20.12.2004-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையை அந்தத் திருத்தம் கலைக்காது. "கல்யாணத்துக்கு நகை போட்டு அனுப்பியாச்சு, கேட்க மாட்டாள்" என்ற வார்த்தையை நம்பி யாரும் வாங்கக் கூடாது. பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும், அல்லது உங்கள் கிரயத்தில் அவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பெண்ணுக்கும் நியாயம் அதுதான்.

மைனர் பங்கை அம்மாவோ அப்பாவோ கார்டியனாக விற்றிருந்தால், நீதிமன்ற அனுமதி வாங்கினார்களா என்று பாருங்கள். இல்லையென்றால், அந்தப் பிள்ளை 18 வயதான பிறகு மூன்று வருடத்துக்குள் அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம். மைனரின் பிறந்த தேதியைக் கணக்குப் போட்டு அந்தக் கெடு தாண்டிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

செட்டில்மெண்ட் பத்திரமாக (பணம் வாங்காமல், பெரும்பாலும் குடும்பத்துக்குள் எழுதிக்கொடுப்பது) இருந்தால் அதில் ஆயுள் உரிமை யாருக்காவது ஒதுக்கியிருக்கிறதா, பெற்றோரைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். கவனிக்காவிட்டால் அந்த செட்டில்மெண்டை ரத்து செய்யக் கேட்க 2007-ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டம் வழி வைத்திருக்கிறது. உயில் வழியாக வந்திருந்தால் எழுதியவரின் இறப்புச் சான்றும், இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். அதற்குப் பிறகு வேறு உயில் எழுதவில்லை என்பதையும் மற்ற வாரிசுகளிடம் கேட்டே தெரிந்துகொள்ள முடியும்.

5. பவர் மூலம் விற்கிறார்களா?

பவர் என்பது, தன் சார்பில் விற்க இன்னொருவருக்கு உரிமையாளர் எழுதிக்கொடுக்கும் அதிகாரம். அப்படியானால் பவர் கொடுத்தவரை நேரில் பாருங்கள். வெளிநாட்டில் இருந்தால் வீடியோ அழைப்பிலாவது முகம் பார்த்துப் பேசுங்கள். பொதுவாகப் பவர் கொடுத்தவர் இறந்த நிமிடமே பவரும் முடிந்துவிடும். அதனால்தான் அவர் உயிரோடு இருப்பதற்கான சான்றைப் பதிவின்போது கேட்கிறார்கள். பவர் ரத்தாகவில்லை என்பதையும் அது பதிவான அலுவலகத்திலேயே விசாரியுங்கள்.

பவர் பத்திரத்தையே கையில் வைத்துக்கொண்டு "இதுதான் என் உரிமை" என்று ஒருவர் சொன்னால் விலகிவிடுங்கள். பவரால் சொத்துரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

6. வருவாய் ஆவணங்களோடு ஒப்பிடுங்கள்

பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் (நிலத்தின் அளவு காட்டும் வரைபடம்) மூன்றையும் அரசின் இ-சேவை இணையதளத்தில் எடுக்கலாம். பட்டா மட்டும் வைத்து ஒருவர் சொத்துக்காரர் ஆகிவிட முடியாது. பத்திரமும் பட்டாவும் ஒரே ஆளைக் காட்டுகிறதா என்பதே கேள்வி. யூ.டி.ஆர். காலத்துத் தவறில் பக்கத்து நிலத்துக்காரர் பெயர் ஏறி அப்படியே கிடப்பது சகஜம். கூட்டுப்பட்டாவாக இருந்தால் அதில் உள்ள மற்றவர்கள் யார் என்று கேளுங்கள்.

அளவில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் பத்திரம் சதுர அடியிலோ சென்டிலோ பேசும், பட்டா ஹெக்டேர், ஏரில் பேசும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஓர் ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,076 சதுர அடி. பட்டாவில் 0-02.50 என்று இருந்தால் இரண்டரை ஏர், சுமார் 2,691 சதுர அடி. பத்திரத்தில் 3,000 சதுர அடி என்று விற்கிறார் என்றால் மீதி 309 சதுர அடி எங்கே இருக்கிறது என்று அவர்தான் காட்ட வேண்டும்.

7. இந்த நிலத்தை விற்கவே முடியுமா?

'அ' பதிவேட்டில் நிலத்தின் வகையைப் பாருங்கள். புறம்போக்கு, நீர்நிலை என்று இருந்தால் அங்கேயே முடிந்தது. பஞ்சமி நிலம், கோயில் நிலம், வக்ஃபு நிலம், பூதான நிலம், நிபந்தனையோடு அரசு ஒப்படை செய்த நிலம் இவற்றையும் விசாரிக்க வேண்டும். பதிவுத் துறைத் தளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு வைத்த விலை) பூஜ்ஜியம் என்று காட்டினால், ஏன் என்று சார்பதிவகத்தில் கேட்காமல் நகராதீர்கள்.

மனைப்பிரிவு என்றால் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் வேண்டும். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று விளம்பரம் செய்வதை நம்பாதீர்கள், மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கு இல்லை. அங்கீகாரமில்லாத மனையாக இருந்தால், 20.10.2016-க்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவானதா, பிறகு வரன்முறைப்படுத்தினார்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பதிவிலும், கட்டட அனுமதியிலும், வங்கிக் கடனிலும் மாட்டிக்கொள்வீர்கள். அங்கீகார வரைபடத்தில் உங்கள் மனை எண்ணை விரல் வைத்துத் தேடுங்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை மனையாக விற்ற வரைபடத்தை நானே பார்த்திருக்கிறேன்.

புரமோட்டரிடம் நேரடியாக வாங்கினால், நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் இருக்கும் திட்டத்துக்கு ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கேளுங்கள்.

8. டேப்போடு இடத்துக்குப் போங்கள்

பத்திரத்தில் "கிழமேல் இருபுறமும் ஜாதியடி 40, தென்வடல் இருபுறமும் ஜாதியடி 60" என்று எழுதியிருக்கும். அந்த 'இருபுறமும்' என்ற வார்த்தையைச் சோதிப்பதுதான் இந்தப் படி. ஒரு மனையில் இரண்டு பேர் டேப்பின் முனைகளைப் பிடித்து நின்றோம். வடக்கே சரியாக 40 அடி. தெற்கே 37 அடி 4 அங்குலம். பக்கத்து வீட்டு மதில் கோணலாக உள்ளே வந்திருந்தது, மேலே பாசி படர்ந்து கறுத்துப்போன பழைய மதில். 12 வருடத்துக்கு மேல் அந்த இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் வெளிப்படையாக வைத்திருந்தால் அனுபவ பாத்தியம், அதாவது நீண்ட நாள் அனுபவித்ததால் வரும் உரிமை பேசுவார். வாங்குபவர் அந்த அளவுக்கு விலையைக் குறைத்து, நின்ற மதிலையே எல்லையாக எழுதி வாங்கினார். வாங்கிய பிறகு அளந்திருந்தால் அது வழக்காகியிருக்கும்.

செக்குபந்தியில் (பத்திரத்தின் எல்லை விவரத்தில்) உள்ள நான்கு எல்லைக்காரர்களும் இன்று யார் என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் கொஞ்சம் பேசினால், காகிதத்தில் வராத தகராறு எல்லாம் வெளியே வரும்.

இடத்தில் யாராவது குடியிருந்தால், எந்த உரிமையில் இருக்கிறீர்கள் என்று அவரிடமே கேளுங்கள். ஒருவர் கண்ணெதிரே குடியிருக்கும்போது அவர் உரிமை எனக்குத் தெரியாது என்று வாங்கியவர் சொல்ல முடியாது, தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் பாதை. மனைக்குப் போகிற வழி பஞ்சாயத்துக்கு எழுதிக்கொடுத்த சாலையா, தனியார் இடமா? தனியார் இடம் என்றால் பாதை உரிமை பத்திரத்தில் அகலத்தோடு எழுதியிருக்க வேண்டும். இன்று வண்டி போகிறது என்பது போதாது.

9. இப்போது வக்கீல் கருத்து, பிறகு ஒப்பந்தம்

சேர்த்த எல்லாவற்றையும் ஒரு சிவில் வக்கீலிடம் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குங்கள். விற்பவரின் வக்கீலிடமே கேட்க வேண்டாம். சந்தேகம் மிச்சமிருந்தால் பத்திரிகையில் பொது அறிவிப்புக் கொடுங்கள், ஒளிந்திருக்கும் உரிமைக்காரர் சில சமயம் அதில்தான் வருவார்.

அதற்குப் பிறகுதான் அட்வான்ஸ். கிரய ஒப்பந்தத்தை 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள், தமிழ்நாட்டில் 1.12.2012 முதல் அதைப் பதிவு செய்ய வேண்டும். பதிவானால் வில்லங்கத்தில் ஏறும். உங்களுக்குப் பேசிய மனையை இன்னொருவருக்கு விற்க முயன்றால் அவர் கண்ணில் படும். மொத்த விலை, கெடு தேதி, அதற்குள் விற்பவர் செய்துதர வேண்டியவை, செய்யாவிட்டால் பணம் எப்போது திரும்பும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பணம் வங்கி வழியாகப் போகட்டும். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

கெடு தாண்டி விற்பவர் இழுத்தடித்தால் வருடக்கணக்கில் காத்திருக்காதீர்கள். ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம்தான் காலவரம்பு.

10. பதிவும் அதற்குப் பிறகும்

வரைவுப் பத்திரத்தை இரண்டு நாள் முன்பே வாங்கிப் படியுங்கள். எங்கள் அலுவலகத்துக்குத் திருத்தல் பத்திரம் கேட்டு வருகிற பலருக்கு, சொத்து விவரத்தில் ஓர் எண் மாறியதுதான் பிரச்சினை. பழைய பத்திரத்தைப் பக்கத்தில் வைத்து, ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபாருங்கள்.

செலவு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம். 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும், 1.4.2025 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்துக் கட்டும் பொறுப்பு உங்களுடையது.

பதிவு நாள் காலையில் வில்லங்கத்தை இன்னொருமுறை போட்டுப் பாருங்கள், ஒப்பந்தத்துக்கும் கிரயத்துக்கும் நடுவில் எதுவும் ஏறவில்லை என்று தெரிய வேண்டும். ஒரிஜினல் பத்திரங்களையும் சாவியையும் வாங்கிய பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

பதிவானதும் பட்டா தானாக மாறிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். முழு உட்பிரிவையும் வாங்கியிருந்தால் விரைவில் மாறும். ஒரு பகுதியை வாங்கியிருந்தால் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும், அதற்கு மனுவும் கட்டணமும் உண்டு. அவர் வருகிற நாளில் நீங்கள் நேரில் இருந்து, அளந்த இடத்தில் அன்றைக்கே நான்கு மூலையிலும் கல் நட்டுவிடுங்கள். வரியும் மின் இணைப்பும் உங்கள் பெயருக்கு மாற, அந்தப் புதுப் பட்டாவின் நகலோடு மனு கொடுங்கள்.